‘தி ஏரஸ்’ (1949): டாக்டர் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அப்புறம் ஏன் எல்லோரும் அவரையே திட்டுகிறீர்கள்?

பட்டர்வொர்த்_அப்பா:

சனிக்கிழமை ராத்திரி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். நான், மனைவி, மகள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் எனக்கு ஒரு பிரியம். மனைவி பாதியில் தூங்கிவிட்டாள். மகள் கடைசி வரை பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அன்றைக்கு அவள் முறை கிடையாது.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க், வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு பெரிய வீடு. டாக்டர் ஸ்லோப்பர் பணக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் காத்தரின். கூச்ச சுபாவம், நாலு பேர் முன்னால் பேச வராது, எந்நேரமும் பூவேலை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். தாய் விட்டுப்போன சொத்தில் அவளுக்கு வருடம் 10,000 டாலர் வருகிறது. அப்பா இறந்தால் இன்னும் 20,000 சேரும். அங்கே மோரிஸ் டவுன்சென்ட் என்று ஓர் அழகான இளைஞன் வந்து சேர்கிறான். வேலை கிடையாது. தனக்கு வந்த கொஞ்சம் சொத்தையும் ஐரோப்பாவில் சுற்றித் தீர்த்துவிட்டு வந்தவன். பார்த்த சில நாளிலேயே கல்யாணம் என்கிறான்.

இவன் பணத்துக்குத்தான் வருகிறான் என்கிறார் டாக்டர். மகள் கேட்கவில்லை. அவனைக் கட்டினால் என் சொத்தில் ஒரு காசு கிடையாது என்கிறார். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசி வைத்த ராத்திரி, அப்பாவின் பணம் வராது என்று அந்தப் பெண் வெள்ளை மனதோடு அவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் வரவே இல்லை.

ஆக டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே பழைய இழைகளைத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் அவரைக் கல்நெஞ்சன், அரக்கன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு தகப்பன் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

---

பழையபடப்_பைத்தியம்:

அண்ணே, நல்ல படத்தை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பதிலுக்கு முன்னால் கொஞ்சம் பின்கதை.

மூலம் ஹென்றி ஜேம்ஸ் 1880இல் எழுதிய ‘வாஷிங்டன் ஸ்குவேர்’ நாவல். அதை ரூத் கெட்ஸ், அகஸ்டஸ் கெட்ஸ் தம்பதி நாடகமாக்கினார்கள், 1947இல் பிராட்வேயில் நடந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, தானே இயக்குநர் வில்லியம் வைலரிடம் போய்ப் படமாக்கலாம் என்று சொன்னார். நாடகம் எழுதிய அதே ஜோடிதான் திரைக்கதையும் எழுதியது. நான்கு ஆஸ்கர். ஒலிவியாவுக்குச் சிறந்த நடிகை, அது அவருக்கு இரண்டாவது. ஆரன் கோப்லாண்டின் இசை, கலை இயக்கம், உடையலங்காரம் மற்ற மூன்று. டாக்டராக வரும் ரால்ஃப் ரிச்சர்ட்சன் பெயர் பரிந்துரைப் பட்டியலோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் அவருக்கும் கொடுத்திருக்கலாம்.

இந்தப் படத்தில் வீடுதான் முக்கியப் பாத்திரம் என்று நான் எப்போதும் சொல்வேன். குறிப்பாக அந்த மாடிப்படி. காதலன் வராத ராத்திரி, விடிகிற நேரத்தில், காத்தரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறாள் இல்லையா? அதைத் திரும்பத் திரும்ப எடுத்தும் வைலருக்குத் திருப்தி வரவில்லையாம். ஒலிவியா கோபத்தில் பெட்டியை விட்டெறிந்தாராம். எடுத்துப் பார்த்தால் காலிப் பெட்டி. உடனே உள்ளே கனமாகச் சாமான் போட்டு நிரப்பச் சொன்னார் வைலர் என்று ஒரு கதை சொல்வார்கள். படத்தில் பாருங்கள், ஒவ்வொரு படியும் உடம்பை இழுக்கிறது. நடிப்பில் பாதி அந்தப் பெட்டியின் கனம்.

உங்கள் கேள்விக்கு அக்காமார் யாராவது வந்து பதில் சொல்வார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன்.

---

ஜெலுத்தோங்_அக்கா:

வந்துவிட்டேன்.

தம்பி, டாக்டர் மோரிஸைப் பற்றிச் சொன்னது சரி. யார் இல்லை என்றது? அவர் தப்பு மோரிஸ் வீட்டுக்குள் வருவதற்கு இருபது வருடம் முன்னாலேயே ஆரம்பித்தாயிற்று.

படத்தின் தொடக்கத்தில் ஒரு விருந்துக்குப் போகிறார்கள். காத்தரின் ஆசை ஆசையாகச் செக்கச் சிவந்த புது உடை போட்டுக்கொண்டு வந்து அப்பா முன்னால் நிற்கிறாள். அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். அப்பா என்ன சொல்கிறார்? உன் அம்மா நல்ல வெளுப்பு, அந்தச் சிவப்பை அவள் ஆண்டாள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை, திட்டவில்லை. மிகவும் மரியாதையாக மகளைக் கொன்றுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

எனக்கு இந்தக் காட்சியைத் தாண்டவே பத்து நிமிடம் ஆனது. என் அப்பா டாக்டர் இல்லை, துறைமுகத்தில் வேலை. ஆனால் அதே வித்தை அவருக்கும் தெரியும். நான் தாவணி கட்டினால் ‘உன் சித்தி கட்டினால் ஒரு எடுப்பு இருக்கும்’ என்பார். ஐந்தாம் படிவத்தில் நல்ல மார்க் வாங்கினேன், ‘பெரியப்பா மகன் இதைவிட வாங்கினான்’ என்றார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவரே முந்திக்கொண்டு, ‘பெண் கொஞ்சம் நிறம் கம்மி, ஆனால் சமைப்பாள்’ என்றார். நான் பலகாரத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். கேசரி ஆறிப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்படி வளர்ந்த பெண்ணிடம் ஒருத்தன் வந்து ‘நீ பேசுவது எனக்குப் பிடிக்கிறது’ என்றால் அவள் எப்படி எடை போடுவாள்? தராசையே அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டாரே.

---

பட்டர்வொர்த்_அப்பா:

அக்கா, அந்தக் காட்சியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்றவர்கள் வாய் தவறிச் சொல்வதுதான்.

நீங்கள் கணக்குக்கு வாருங்கள். 10,000 டாலர் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் நினைத்தாலும் அதைத் தொட முடியாது. இரண்டு பேர் சௌகரியமாக வாழ அந்தக் காலத்தில் அது தாராளம். உண்மையில் காதல் இருந்தால் மோரிஸ் அந்தப் பத்தாயிரத்தோடு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டானா? முப்பது வராது என்று தெரிந்ததும் பத்தையும் விட்டுவிட்டு ஓடினான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

---

கிராணி_ரிட்டயர்ட்:

வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவன். உயில், சொத்து, பங்குச் சண்டை எல்லாம் தட்டச்சு செய்து செய்தே விரல் தேய்ந்தது. சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாவல் நடப்பது பெரும்பாலும் 1840களில். அன்றைய நியூயார்க்கில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால், தனியாக டிரஸ்ட் எழுதிக் கட்டிக் காக்காத வரையில், அவளுடைய ரொக்கமும் நகையும் புருஷன் கைக்குப் போய்விடும். வீடு, நிலம் அவள் பெயரில் இருந்தாலும் வாடகை வாங்குவது அவன். 1848இல்தான் அந்த மாநிலம் கல்யாணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் மனைவியின் சொத்து மனைவிக்கே. ஆகவே டாக்டரின் பயம் வெறும் கர்வம் என்று தள்ளிவிடக் கூடாது. மாப்பிள்ளை தப்பானவன் என்றால் பெண்ணோடு மொத்தமும் போகிற காலம் அது.

ஆனால் ஒன்று. பயம் அதுதான் என்றால் அதற்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. டிரஸ்ட் எழுதலாம், மாப்பிள்ளை கை வைக்க முடியாதபடி கட்டலாம், வருமானம் மட்டும் மகள் கையில் கிடைக்கிற மாதிரி செய்யலாம். நம் பினாங்கு ஸ்ட்ரீட் வட்டிக்கடைக் கிட்டங்கியில் உட்கார்ந்த செட்டியாரைக் கேட்டிருந்தால் அரை மணியில் வழி சொல்லியிருப்பார். நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று எழுதியே வைப்பார்கள், யார் என்ன கொடுத்தார்கள் என்று. யாரையும் அவமானப்படுத்தாமல் பணத்துக்கு வேலி போடுவது நம்மவர்களுக்குப் பழகிய கலை. டாக்டர் ஸ்லோப்பர் வேலி போடுவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பணத்தைச் சாட்டையாகப் பிடித்துக்கொண்டார்.

இடையில் ஒரு செய்தி, படத்துக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் இளசுகள் படிக்கிறார்கள் என்பதால்: இங்கே மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போகும். அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்தே எழுதியிருந்தால் வேறு விஷயம். 1959ஆம் வருட உயில் சட்டம். எத்தனை பேர் பழைய உயிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் தெரியுமா!

---

செந்தூல்_பையன்:

கோலாலம்பூர் ஆள் ஒருத்தன் உள்ளே வரலாமா?

மோரிஸுக்காகப் பேச யாரும் இல்லை போலிருக்கிறது. நான் பேசுகிறேன். அவன் கெட்டவன் என்று எல்லோரும் முதல் காட்சியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஆனால் மான்ட்கோமரி கிளிஃப்ட் அப்படி நடிக்கவில்லை. காத்தரினோடு நடனம் ஆடும்போது, பியானோவில் உட்கார்ந்து பிரெஞ்சுப் பாட்டுப் பாடும்போது, அவன் முகத்தில் பொய்யைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. அவனுக்கு அவளையும் பிடித்திருக்கிறது, அந்த வீட்டையும் பிடித்திருக்கிறது, டாக்டரின் சுருட்டையும் பிராந்தியையும் பிடித்திருக்கிறது. நல்ல பொருள் பிடிக்கும் ஏழை அவன். பணக்காரன் பணக்காரியைக் கட்டினால் ‘பொருத்தம்’ என்பீர்கள், இல்லாதவன் கட்டினால் ‘பணத்துக்கு வந்தான்’ என்பீர்கள்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. மூன்று வருடம் முன்னால் ஒரு பெண் வீட்டுக்குப் பேசப் போனேன். பால் சேர்க்காத தே ஓ கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். பிறகு அவளுடைய மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘தம்பி, சேமநிதி ஸ்டேட்மெண்ட் கொண்டு வந்தீர்களா?’ என்றார். நான் ஜாதகம் கேட்பார்கள் என்று நினைத்துப் போனவன். கைப்பேசியில் திறந்து காட்டினேன். அவர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், அத்தையிடம் கொடுத்தார், அத்தை பாட்டியிடம் கொடுத்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார்.

நடக்கவில்லை. சரி, விடுங்கள். ஆனால் மோரிஸ் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொல்லும் காட்சி வந்தபோது எனக்கு வியர்த்தது.

---

ஜெலுத்தோங்_அக்கா:

அந்தப் பாட்டியை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் தம்பி, உன்னைத் தள்ளினார்கள், நீ வந்துவிட்டாய். மோரிஸ் அந்த ராத்திரி ‘பெட்டியை எடுத்து வை, வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனான். ‘என்னால் முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து அவனுக்கு வக்காலத்து வாங்கியிருப்பேன். ஏழைக்கும் வாய் உண்டே.

---

நூலகத்து_மூலை:

நாவல் படித்தவள் என்ற முறையில் இரண்டு வித்தியாசம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டர்வொர்த் ஐயாவின் கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

நாவலில் டாக்டர் சாவதற்கு முன் மகளைக் கூப்பிட்டு, ‘நான் போன பிறகு மோரிஸைக் கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்கிறார். அவளுக்கு அவனைக் கட்டும் எண்ணமே இல்லை. ஆனாலும் சத்தியம் செய்ய மறுக்கிறாள். ஏன் என்று விளக்கமும் சொல்வதில்லை. அவர் கோபத்தில் உயிலை மாற்றி அவள் பங்கை ஐந்தில் ஒன்றாக வெட்டிவிடுகிறார். அவள் அதை எதிர்ப்பதில்லை, எழுதிய விதம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்கிறாள். ஒரு தகப்பன் மகளின் வாயிலிருந்து கடைசியாக வாங்க நினைத்தது ஒரு சத்தியம், ஒரு தோல்வி. அவள் கொடுக்கவில்லை.

படத்தில் இதைத் தலைகீழாக ஆக்கியிருக்கிறார்கள். அங்கே மகள்தான் பேனாவையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, ‘உயிலை மாற்றுங்கள், நானே எழுதுகிறேன்’ என்று நிற்கிறாள். அவர் திகைத்துப்போகிறார், மாற்றவில்லை. நல்ல மனிதன் யாரையாவது பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமே என்று அவர் சமாதானம் பேசும்போது, ஆள் விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றால் மோரிஸையே வாங்கிக்கொள்கிறேனே என்கிற மாதிரி ஒரு பதில் சொல்கிறாள். அந்த இடத்தில் நான் கைதட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நாவலின் முடிவில் கதவு, தாழ்ப்பாள், தட்டுகிற சத்தம் எதுவும் கிடையாது. மோரிஸ் போகிறான், காத்தரின் விட்ட இடத்திலிருந்து பூவேலையை எடுத்துக்கொண்டு உட்கார்கிறாள், ஆயுள் முழுக்க என்பதுபோல். அந்த அமைதி எனக்குப் படத்தைவிட அதிகம் வலித்தது.

---

பழையபடப்_பைத்தியம்:

மூலை அம்மா சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தாழ்ப்பாள்தான் சினிமா. வருடங்கள் கழித்து மோரிஸ் கலிபோர்னியாவிலிருந்து ஒன்றும் சம்பாதிக்காமல் மீசையோடு திரும்பி வருகிறான், மறுபடி கல்யாணம் என்கிறான். அவள் சரி என்கிறாள். ஒரு காலத்தில் பாரிஸில் அவனுக்காக ஆசையாக வாங்கி வைத்த மாணிக்கப் பொத்தான்களை எடுத்துக் கொடுக்கிறாள். அவன் பெட்டி எடுத்து வரப் போகிறான். அவள் உட்கார்ந்து பூவேலையை முடித்து, நூலைக் கத்தரிக்கிறாள். கதவைத் தாழ்போடச் சொல்லிவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு படியேறுகிறாள். வெளியே அவன் கதவைத் தட்டித் தட்டிக் கத்துகிறான். அன்றைக்குப் பெட்டியோடு ஏறிய அதே படி. இன்றைக்குக் கையில் கனம் இல்லை.

இவ்வளவு கொடூரமாக இருக்க உன்னால் முடியுமா என்று அத்தை கேட்பதற்கு, முடியும், தேர்ந்த ஆசான்களிடம் கற்றேன் என்கிறாள். ஆசான்கள் என்று பன்மையில்.

---

வாயாடி_மாமி:

அத்தையைப் பற்றி ஏன் யாரும் எழுதவில்லை? லவினியா அத்தை! விதவை, அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருப்பவள், அண்ணன் மகள் காதலைத் தன் காதல் போல ரசிப்பவள். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள், அண்ணன் ஊரில் இல்லாதபோது மோரிஸை வீட்டுக்கே வரவழைத்து உபசரிப்பாள். நம் கல்யாண மண்டபங்களில் முன்வரிசையில் இப்படி நாலு பேர் எப்போதும் உண்டு, பட்டுப்புடவையில்.

அந்த ராத்திரி வண்டி வராமல் போனதும் ‘நீ கொஞ்சம் சாமர்த்தியமாக இருந்திருக்கக் கூடாதா?’ என்று மகள் போன்றவளிடம் கேட்கிறாளே. பணம் வராது என்பதை மறைத்திருக்கலாமே என்று அர்த்தம். அத்தைக்கும் தெரியும், அவன் எதற்கு வருகிறான் என்று! தெரிந்துதான் சேர்த்துவைக்கப் பார்த்தாள். பணத்துக்காக வந்தாலும் வந்தவன் வந்தவன்தானே, தனியாக இருப்பதைவிட மேல் என்பது அவள் கணக்கு. கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனால் தனியாக இருந்து பார்த்தவள் சொல்கிறாள் இல்லையா?

---

பட்டர்வொர்த்_அப்பா:

எல்லோரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் ஏன் இந்தக் கேள்வியைப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துப் பேசுவது சரியில்லை.

என் மகளுக்கு 27 வயது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை, பாலம் தாண்டிப் போய் வருகிறாள். ஒரு பையனை விரும்புகிறாள். அவன் கல்யாணம், கோயில் திருவிழா என்று ஒலிபெருக்கி, விளக்கு வாடகைக்கு விடுகிறான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் பந்தலில் பார்த்துப் பழக்கமாம். வருமானம் ஒரு மாதம் உண்டு, ஒரு மாதம் இல்லை. லாரிக்குக் கடன் இருக்கிறது.

எங்களுக்கு இருப்பது இரண்டு வீடு. ஒன்று என் அப்பா தோட்டத்து வேலையை விட்டு வந்த பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. இரண்டும் அவளுக்குத்தான். பையன் வீட்டுக்கு வந்த முதல் நாளே நான் கேட்டேன், மாதம் எவ்வளவு நிற்கும், கடன் எவ்வளவு, எங்கள் வீடு இரண்டு என்று உனக்கு யார் சொன்னது என்று. அவன் மரியாதையாகப் பதில் சொன்னான். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் என் மகளைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, அவள்தான். எனக்குப் பழைய படம் பிடிக்கும் என்று போட்டாள் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

---

செந்தூல்_பையன்:

அங்கிள்... ‘வீடு இரண்டு என்று யார் சொன்னது’ என்று கேட்டீர்களா? எனக்கு அந்தப் பாட்டியே பரவாயில்லை என்று தோன்றுகிறது.

---

கிராணி_ரிட்டயர்ட்:

ஐயா, லாரிக் கடன் உள்ளவன் எல்லாம் மோரிஸ் இல்லை. மோரிஸ் வேலையே செய்யவில்லை. சகோதரி வீட்டில், அவளும் விதவை, பிள்ளைகள் வேறு, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பையன் கம்பத்தில் ஏறி விளக்குக் கட்டுகிறான். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள்.

வீடு பற்றிய கவலை இருந்தால் ஒரு வக்கீலைப் பாருங்கள். உயிரோடு இருக்கும்வரை உங்கள் பெயரில் இருக்கட்டும், உயிலில் மகள் பெயர் மட்டும் போடுங்கள். அதற்குக் காதலனை விசாரணைக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. கிராணி சொல்கிறேன், வக்கீல் கட்டணம் ஒரு மகளின் கோபத்தைவிட மலிவு.

---

ஜெலுத்தோங்_அக்கா:

நான் முதலில் கடுமையாக எழுதிவிட்டேன், நீங்கள் மனம் திறந்து சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

படத்தை இன்னொரு தடவை பாருங்கள். டாக்டர் மோரிஸைப் பற்றி வைக்கும் வாதம் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும். இவ்வளவு அழகான பையன், இவளிடம் வேறு எதைப் பார்த்து வந்திருப்பான்? அதுதான் அவருடைய முழு ஆதாரம். மோரிஸின் சகோதரியிடம் விசாரணை, செலவுக் கணக்கு எல்லாம் அப்புறம் தேடிப் பிடித்தவை. அவனை மறக்கட்டும் என்று மகளை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வந்து வாய்விட்டே சொல்லிவிடுகிறார், உன்னிடம் பணத்தைத் தவிர என்ன இருக்கிறது, நேர்த்தியாகப் பூவேலை செய்வாய், அவ்வளவுதானே என்று. காத்தரின் உடைவது அங்கேதான். மோரிஸ் கைவிட்டது அதற்குப் பிறகு வந்த அடி. அவன் தன்னை நேசிக்கவில்லை என்பதை அவளால் தாங்க முடிந்திருக்கும். தன்னை யாரும் நேசிக்க வாய்ப்பே இல்லை என்று அப்பா நினைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதனால்தான் அவர் சாகும்போது வேலைக்காரப் பெண் வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. நான் போயிருப்பேனா தெரியவில்லை. என் அப்பாவுக்குக் கடைசியில் கஞ்சி ஊட்டியது நான்தான், ஆனால் எல்லோராலும் முடியாது.

உங்கள் மகள் பந்தலில் நின்றாள், ஒரு பையன் பார்த்தான். வீடு எத்தனை என்று அவனுக்கு அப்போது தெரியாது. அவள் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவும் இல்லை. அவளைப் பார்த்தே வந்திருக்கலாம் என்று உங்களுக்கு ஒரு நிமிடமாவது தோன்றியதா? பதில் இங்கே வேண்டாம்.

---

நூலகத்து_மூலை:

அக்கா சொன்னதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் ‘சகோதரியிடம் விசாரணை’யில் ஒரு விஷயம். நாவலில் மோரிஸின் சகோதரியே கடைசியில் டாக்டரிடம், அவனுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிடுவாள். அவர் கண்டுபிடித்தது ஊகம் மட்டும் இல்லை, சாட்சியும் இருந்தது. சாட்சியை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் கோட்டை விட்டார். அவருக்கு மகளைக் காப்பாற்றுவதைவிடத் தான் சொன்னது சரி என்று நிரூபிப்பதில் ஒரு சுகம் வந்துவிட்டது. படிக்கும்போதே தெரியும், மனிதர் ரசித்துச் செய்கிறார்.

---

பழையபடப்_பைத்தியம்:

இழை தடம் மாறுவதற்குள் ஒரு துணுக்கு. ஒலிவியா டி ஹாவிலண்ட் 1940களில் தன் ஸ்டுடியோ மேலேயே வழக்குப் போட்டவர். ஒப்பந்தம் ஏழு வருடம் என்றால் நாள்காட்டிப்படி ஏழு வருடம்தான், இடையில் நடிகையை நிறுத்திவைத்த நாட்களைச் சேர்த்து இழுக்கக் கூடாது என்று 1944இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். இன்றைக்கும் அந்தச் சட்டத்தை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். 2020இல் 104 வயதில் பாரிஸில் இறந்தார். காத்தரின் கடைசியில் படியேறும்போது அந்த முகத்தில் தெரிகிற உறுதி முழுக்க நடிப்பு என்று நான் நம்ப மாட்டேன்.

---

செந்தூல்_பையன்:

அந்தக் கடைசிச் சிரிப்பை நீங்கள் எல்லோரும் வெற்றி என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. வீடு பெரிது, விளக்கு சின்னது, மேலே போனால் யாரும் இல்லை.

---

வாயாடி_மாமி:

யாரும் இல்லாவிட்டால் என்ன, முப்பதாயிரம் இருக்கிறது. நான் எழுதியதை நானே மறுத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். மனம் ஒரு நிலையில் இல்லை, இங்கே மழை.

---

பட்டர்வொர்த்_அப்பா:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

மகளிடம் பேசினேன். வீட்டில் முடியவில்லை, அதனால் ஃபெர்ரியில் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்படித்தான் கூட்டிப் போவேன், லிட்டில் இந்தியாவில் வடை வாங்கித் தருவேன். நடுக்கடலில் நின்றுகொண்டு, ‘அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது’ என்றேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ‘லாரிக் கடன் எவ்வளவு என்று பழகிய முதல் மாதமே என்னிடம் சொல்லிவிட்டான். வீடு இரண்டு என்று சொன்னது நான்தான். நம் தாத்தா எப்படி வாங்கினார் என்று பெருமையாகச் சொன்னேன்’ என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பேச்சை அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

பையனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை, அதை யாரும் இங்கே எழுத வேண்டாம். கிராணி ஐயா சொன்ன உயில் விஷயத்தை அடுத்த மாதம் பார்க்கிறேன்.

இன்னொன்று. மனைவி படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறாள், அன்றைக்குத் தூங்கிவிட்டாள் இல்லையா. தமிழில் எழுத்து ஓடுகிற மாதிரி எங்கேயாவது கிடைக்குமா? ஆங்கிலம் அவளுக்கு வேகமாகப் போகிறதாம். நானும் உட்கார்வேன். அந்தச் சிவப்பு உடைக் காட்சியில் நான் தேநீர் போட எழுந்து போயிருந்தேன்.